சம்பூர்ணத்தின் நாலு இன்ச்

என் தம்பி பெண்டாட்டி சம்பூர்ணத்துக்கு ஊசியில் நூல் கோக்க வராது. இதை நான் புறணியாகச் சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கடைக்கு வருகிற போகிற அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அப்படிப்பட்டவள் செய்து வைத்ததை நம்பி இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிற பெண்கள் பட்டுத்துணியில் கத்தரி வைக்கிறார்கள் என்றால், அதை யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்? அவள் எழுதமாட்டாள். என் தம்பி மணிவேல் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறவன், கையெழுத்துப் போடுவதற்கே சோம்பல்படுவான். மிச்சம் இருப்பது நான்தான். பெயர் பரிமளா. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் லேடீஸ் டெய்லர். வாய் கொஞ்சம் நீளம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சம்பூர்ணம் செட்டிகுளத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் நட்டு, களைவெட்டி, தாள் அறுத்துப் பிழைத்தவர்கள். பெண்ணை மட்டும் காட்டுப் பக்கமே விடாமல் பெரம்பலூருக்குப் பஸ் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது கூட வந்தவர்கள் எல்லாம் என்னென்னவோ கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க அண்ணி" என்றாள். கல்யாணமே நிச்சயமாகவில்லை, அதற்குள் அண்ணி! "ஆனா கத்துக்குவேன்."

கற்றுக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். வந்த புதிதில் ஒரு ரவிக்கையைக் கொடுத்து, கை இரண்டையும் இணைத்து வை என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இடது கை வலது பக்கத்தில் இருக்கிறது. வலது கை உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி இடது பக்கத்தில் இருக்கிறது. அதற்கு இஸ்திரி வேறு போட்டு, நல்ல பிள்ளையாக மடித்து வைத்திருக்கிறாள். "பேருதான்டி சம்பூர்ணம், தச்சதெல்லாம் அரகொற" என்று கத்தினேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. திட்டிக்கொண்டே சிரித்ததில் புரையேறியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு தையல் மிஷின் பக்கம் அவளை விடவில்லை. அவள் என்னை விட்டாளா? நான் துணியைப் போட்டு சாக்பீஸால் கோடு இழுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அண்ணி, ஏன் மார்பளவ நாலால வகுக்கிறீங்க?"

"முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. நாலு மடிப்பு."

"அப்பறம் இந்த எடத்துல முக்கா இன்ச்சு கூட்டுனீங்களே, அது?"

"கை சொல்லுது, கூட்டுறேன்."

"கை என்னா கணக்குல சொல்லுது?"

எனக்கு எரிச்சலான எரிச்சல். சோறு திங்கும்போது கை என்ன கணக்கிலா வாய்க்குப் போகிறது? ஆனால் அவள் விடமாட்டாள். நான் வெட்டி எறிந்த துண்டுகளை எடுத்து வைத்து அளந்து பார்ப்பாள். ஒல்லியான பெண்ணுக்கு எப்படி வெட்டுகிறேன், பிள்ளை பெற்றவளுக்கு எப்படி வெட்டுகிறேன், தோள் சரிந்தவளுக்கு எங்கே தட்டிவிடுகிறேன் என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கே கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மணிவேல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பிறகு கொஞ்ச காலம் வீட்டில் சாம்பாரில் பருப்பு வேகவில்லை, துவைத்த துணி கொடியிலேயே கிடந்தது. கேட்டால் "இதோ அண்ணி, இதோ அண்ணி" என்பாள். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். அளவுகளைத் தட்டினாள். பிரிண்டர் கடகடவென்று தாளைத் துப்பியது. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி விரித்தால், நான் சாக்பீஸால் இழுக்கிற கோடு அத்தனையும் அதில் இருக்கிறது. முதுகு, முன்பக்கம், கை, கழுத்து வளைவு, மடிப்புக்கு டாட் பிடிக்கிற இடம் எல்லாம்.

நம்பவில்லை நான். மணிவேலின் பழைய வேட்டியில் வெட்டி, தைத்து, நானே போட்டுப் பார்த்தேன். அளவெடுத்து வார்த்த மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல், "பரவால்ல, இருக்கு" என்றேன். அதற்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்தாள்.

இப்போது நாலு இன்ச் கதைக்கு வருகிறேன். எங்கள் கடை ஒரே அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் அளவெடுத்துக் கூவுவேன். அந்தப் பக்கம் சம்பூர்ணம் கத்தரியில் தட்டிக்கொள்வாள். வாசல்படியில், துணி கொண்டுவந்தவளுடைய புருஷனோ அண்ணனோ கொழுந்தனோ பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பான். நான் கூவுவது சம்பூர்ணத்துக்கு மட்டுமா கேட்கும்? ஒருமுறை ஒரு அம்மாவை அளந்து "மார்பு நாப்பத்திரண்டு" என்று கூவினேன். வாசலில் நின்ற அவளுடைய கொழுந்தன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்த அம்மாவுக்கு முகம் செத்துப் போயிற்று. துணியைச் சுருட்டிக்கொண்டு போனவள் திரும்பி வரவே இல்லை.

அன்றைக்குச் சம்பூர்ணம் சொன்னாள்: "அண்ணி, இனிமே மார்புலயும் இடுப்புலயும் நீங்க நாலு இன்ச்சு கொறச்சே சொல்லுங்க. கத்தரி உள்ளுக்குள்ள நாலு கூட்டிக்கிட்டு வெட்டுக் கோட்ட போடும். ஒரு வரி எழுதுனா போதும்."

எழுதினாள். அதோடு எங்கள் கடைக்கு யோகம் அடித்தது. "முப்பத்தாறா? நெசமாவாக்கா? போன தீவாளிக்கு அந்தக் கடைக்காரி நாப்பதுன்னு சொன்னாளே!" என்று பெண்களுக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னது தப்பா இருந்தா ரவிக்க பத்தாம போயிருக்கணுமில்ல?" என்பேன். ரவிக்கையோ கச்சிதமாக இருக்கும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? லப்பைக்குடிக்காட்டிலிருந்து, துபாயில் இருக்கிற புருஷன் அனுப்பிய துணிகளோடு வேன் பிடித்து வந்தார்கள். பொய்தானே என்று கேட்டால் பொய்தான். கேட்டவள் நிமிர்ந்து நடந்து போகிறாள். யாருக்கு நஷ்டம்? வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, குறைத்துச் சொல்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. நாற்பதைப் பார்த்தால் என் வாயில் முப்பத்தாறுதான் வரும். அந்த ஒரு வரியை எழுதியதைச் சம்பூர்ணமும் மறந்துபோனாள்.

கடையின் பின்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து கொக்கி வைத்து, ஓரம் மடித்து எம்மிங் செய்துகொண்டிருந்தவள் மலர்கொடி. ஊசி வேலை அவ்வளவு சுத்தம். மிஷினிலும் நன்றாகத் தைப்பாள். ஆனால் துணியை வெட்டச் சொன்னால் கை நடுங்கும். "ஒட்ட முடியாதேக்கா" என்று கண்கலங்கி நிற்பாள். அவளைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் வீட்டில் முந்திரித் தோப்பு வேலை, கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். ஒருநாள் வீடியோ காலில் விரல்களைக் காட்டினாள். ஊசி பிடிக்கிற அந்த இரண்டு விரலும் கறுத்து, தோல் கிழிந்து கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவளையே திட்டித் தீர்த்தேன்.

அப்புறம் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. அடுத்த தெருவில் செல்வம்மாள் என்கிற அம்மா, தன் மகள் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்குமான ரவிக்கைத் துணியை மலர்கொடியிடம் கொடுத்திருந்தார். மாமியார்க்காரி அன்றைக்கே சொல்லிவிட்டாளாம்: "இந்தக் கல்யாணத்த நல்லபடியா தச்சு முடிச்சுக் காட்டு, வாசல்ல கடை போட்டுக்க. சொதப்புனேன்னா பேசாம கொட்ட ஒடைக்க வந்துரு." நியாயமான பேச்சுதான். ஆனால் மலர்கொடிக்குத் தைக்கத்தானே தெரியும்? யார் வெட்டுவது?

"சம்பூர்ணக்கா, அந்தக் கத்தரிய எனக்கு அனுப்ப முடியுமா?" என்று போனில் கேட்டாள். அவள் நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. பிரிண்டர் ஒன்றை ஜெயங்கொண்டத்தில் பழசாக வாங்கிவிட்டாள்.

அனுப்ப என்ன, வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். சம்பூர்ணமும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். கத்தரி ஃபைலை அனுப்பினாள். அங்கே போய்த் திறந்தால், அது இல்லை இது இல்லை என்று ஒரே ஒப்பாரி. அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராம், அந்தக் காலத்து துணை ஃபைல்கள் எல்லாம் கூட இருந்தால்தான் ஓடுமாம். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரில் அவை இருந்தன, புது லேப்டாப்பில் இல்லை.

"பொண்ண மட்டும் அனுப்பிட்டு சீர விட்டுட்டேன் அண்ணி" என்றாள் சம்பூர்ணம்.

"அப்ப சீரையும் சேத்துக் கட்டி அனுப்பு."

கட்டினாள். எந்தெந்த ஃபைல் வேண்டும் என்று தேடித் தேடி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக்கி, அதுவே பிரிந்து அதது அதனதன் இடத்தில் போய் உட்காருகிற மாதிரி ஒரு செட்டப் செய்தாள். இன்டர்நெட்டில் ஒரு இடத்தில் அதைப் போட்டு வைத்து, அதற்கு ஒரு லிங்க். மலர்கொடி அந்த லிங்க்கைத் தொட்டால் போதும், கத்தரி தானாக இறங்கித் தானாக நிறுவிக்கொள்ளும். சொன்னதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் மலர்கொடி தொட்டபோது திரை முழுக்க நீலமாக ஒரு எச்சரிக்கை வந்தது. யார் செய்தது என்று தெரியவில்லை, ஆபத்தாக இருக்கலாம் என்றதாம். அவள் பயந்துபோய் லேப்டாப்பையே மூடிவிட்டாள்.

"ஆபத்தா? யாருடி ஆபத்து? எந்தம்பி பொண்டாட்டியா ஆபத்து?" என்று நான் குதித்தேன். "அவ ஊசியக் கண்டாலே ஒதுங்கிப் போறவ!"

சம்பூர்ணம் நிதானமாகச் சொன்னாள்: "கல்யாண மண்டபத்து வாசல்ல தெரியாத வண்டி வந்து நின்னா யாரு என்னன்னு கேக்கமாட்டாங்களா? அதத்தான் கேக்குது. எப்படி உள்ள வரணும்னு நான் சொல்றேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு, இதை அழுத்து, அதை அழுத்து என்று மலர்கொடிக்கு வழி சொன்னாள். பிரிண்டர் தாளைச் சுருக்கிவிடுமே என்று ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வேறு போட்டு வைத்திருந்தாள். அதன் கீழே 'இது ஒரு இன்ச் இருக்கிறதா? டேப் வைத்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. அதோடு, கத்தரியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று அதுவே இன்டர்நெட்டில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். மணிவேலுக்கு அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. அவன் வாயைத் திறக்கவில்லை, நான் அவனைப் பார்த்த பார்வை அப்படி.

"வந்துருச்சுக்கா! கத்தரி வந்துருச்சு! பிரிண்டும் வருது!" மலர்கொடி போனில் கத்திய கத்தலில் என் காது அடைத்துப் போனது. சம்பூர்ணம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்குடி அழுகை என்று கேட்டுவிட்டு நானும் துடைத்துக்கொண்டேன். எங்கள் பின்சந்துப் பெட்டிக்குள் கிடந்தது, அரியலூர் தாண்டி, ஜெயங்கொண்டம் தாண்டிப் போய்விட்டதே!

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நான் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறேன், மலர்கொடியின் போன் வருகிறது. சம்பூர்ணம் ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் அழுகை. அழுகைக்கு நடுவில் விஷயத்தைப் பொறுக்கி எடுத்தோம். முதல் ரவிக்கை செல்வம்மாளுக்கு. தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்குகிறது. "இதுக்குள்ள நானும் எம்மவளும் சேந்தே போவலாம் போல" என்று செல்வம்மாள் சொல்லிவிட்டாராம். மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதைவிடப் பெரிய குண்டு ஒன்றைக் கடைசியில் போட்டாள். கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் பட்டு உட்பட எல்லாத் துணியையும் தாள் காட்டிய கோட்டின்படி வெட்டி முடித்துவிட்டாளாம்.

வெட்டிய பட்டுக்கு என்ன செய்வது? சம்பூர்ணத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

"மலரு, அழுவாத. அந்தக் கட்டத்த டேப் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. சரியா ஒரு இன்ச்சு."

"தாள ஒட்டும்போது ஓரம் எதுவும் வெளிய தள்ளிக்கிச்சா?"

"இல்லக்கா. கோட்டுக்குக் கோடு ஒட்டியிருக்கேன்."

"அப்ப அளவத்தான் தப்பா அடிச்சிருப்ப. செல்வம்மா அளவு என்னா அடிச்ச? சொல்லு, நான் இங்க போட்டுப் பாக்குறேன்."

"மார்பு நாப்பது, இடுப்பு முப்பத்தேழு" என்றாள் மலர்கொடி. பின்னணியில் அங்கே நாலைந்து பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, அறிவிருக்கா ஒனக்கு? அத்தன பேரு நிக்கிற எடத்துல ஒரு பொம்பள அளவ அப்படியே பட்டுனு போட்டு ஒடைப்பியா? எங்கிட்ட இத்தன வருசம் என்னாடி கத்துக்கிட்ட? நாலு கொறச்சுச் சொல்லணும்னு..."

நான் சம்பூர்ணத்தைப் பார்த்தேன். சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். அவள் மெதுவாகக் கையைத் தூக்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி" என்றேன்.

"அந்த ஒத்த வரி அண்ணி" என்றாள். "சீரோட சீரா அதையும் கட்டி அனுப்பிட்டேன்."

விஷயம் அவ்வளவுதான். மலர்கொடி பின்பக்கம் கொக்கி வைத்தவள், டேப் பிடித்தவள் இல்லை. நான் கூவிய எண்களைக் காதால் கேட்டாளே தவிர, அதில் நாலு குறைவு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கே மறந்திருந்தது. அவள் உண்மையான அளவைத் தட்டியிருக்கிறாள். கத்தரி தன் பழக்கத்தில் நாலைக் கூட்டிக்கொண்டு வெட்டுக் கோடு போட்டிருக்கிறது.

சம்பூர்ணத்துக்கு முதலில் வந்தது சிரிப்பு. விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. போனில் மலர்கொடி, "என்னாக்கா, நான் செத்துக்கிட்டிருக்கேன், சிரிக்கிறீங்க?" என்று அழுகையோடு கேட்டாள்.

"சனியனே, பொழச்சடி நீ!" என்று கத்தினேன். "கூடத்தான வெட்டிருக்க? கொறையா வெட்டியிருந்தாதான் போச்சு. நாலு இன்ச்சும் பக்கவாட்டுல இருக்கு. சைடுல பிடிச்சுத் தச்சா சரியாப் போச்சு. ஒரு துணியும் பாழில்ல. அழுவுறத நிறுத்து, நாங்க வர்றோம்."

சம்பூர்ணம் கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை எடுத்தாள். புதுக் கத்தரியை இன்டர்நெட்டில் ஏற்றினாள். நாங்கள் அரியலூரில் இறங்கி, சிமெண்டு லாரிகளுக்கு நடுவில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதே மலர்கொடி போன் செய்தாள். கத்தரியைத் திறந்ததும் அதுவே தன்னை மாற்றிக்கொண்டதாம். இருந்த இடத்திலிருந்தே இன்னொரு ஊரில் தையல் பிசகைத் திருத்திவிட்டாளே! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, அவள் கன்னத்தைக் கிள்ளினேன். "வலிக்குது அண்ணி" என்றாள். வலிக்கட்டும் என்று இன்னொரு முறை கிள்ளினேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கி, கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக மலர்கொடி வீட்டுக்குப் போனோம். மாமியார் காபி கொடுத்தாள். முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. செல்வம்மாள் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவரோ தொளதொள ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்து, கையை விரித்துக் காட்டி, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வந்த கையோடு மலர்கொடியை மிஷினில் உட்கார வைத்தேன். "நீயே பிடி" என்றேன். அவள் விரல்கள் நன்றாக ஆறியிருந்தன. இரண்டு பக்கமும் அளந்து பிடித்து, ஒரே ஓட்டாக ஓட்டினாள். செல்வம்மாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். பிடித்து வைத்த மாதிரி இருந்தது. உள்ளே பக்கத்துக்கு இரண்டு இன்ச் துணி மடிப்பாகக் கிடந்தது. அதை இழுத்துப் பார்த்தார்.

"இதென்னாம்மா உள்ள இம்புட்டுத் துணி?"

மலர்கொடி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஒடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல அம்மா. கல்யாணப் பொண்ணுக்கும் அப்படித்தான் விட்டிருக்கேன். நாளைக்கி ஒரு புள்ள பொறந்தாலும் அதே பட்டு ரவிக்கையப் போட்டுக்கலாம்."

அடிப்பாவி! செல்வம்மாளுக்குப் பூரித்துவிட்டது. "மத்த டெய்லருங்க எல்லாம் துணிய ஒட்ட வெட்டி எறிஞ்சிருவாங்க. பாத்தியா இந்தப் பொண்ணோட யோசனைய!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். மாமியார் எனக்கு இன்னொரு காபி கொண்டுவந்தாள். இந்த முறை முகத்தையும் கொடுத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேடிக்கை இனிமேல்தான். சேதி பரவி, விடுபட்டுப் போன, கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருவர் தானும் ஒரு துணியோடு வந்தார். மலர்கொடி டேப்பை வைத்து, நான் திட்டியதையும் மறந்து, உள்ளபடியே கூவினாள்: "மார்பு நாப்பத்திமூணு!" கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. துணியை மடியில் வைத்து மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். அந்தச் சுருட்டலை நான் பார்த்திருக்கிறேன். ஒரே எட்டில் போய் மலர்கொடி கையிலிருந்த டேப்பைப் பிடுங்கினேன்.

"டேப்ப முறுக்கிப் பிடிச்சா கூடத்தான் காட்டும். நகரு. கைய தூக்குங்கம்மா. ம்... முப்பத்தொம்போது!"

அத்தை நிமிர்ந்தார். "பாத்தியா, நானும் அதான் நெனச்சேன்" என்றார். முகம் பூவாக மலர்ந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு பேர், "எனக்கும் அளந்து சொல்லுங்கக்கா" என்று வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி மலர்கொடியின் மாமியார்.

மலர்கொடி என் காதருகில் வந்து, "அக்கா, அந்த நால திரும்பப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். சம்பூர்ணம் மூலையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அவள் ஒரு வேலை செய்தாள். இப்போது கத்தரியை யார் புதிதாக நிறுவினாலும் முதலில் ஒரு கேள்வி வரும்: 'அளவை வாய்விட்டுச் சொல்லும் கடையா?' அதன் கீழே இரண்டு வரி: 'ஆம் என்றால் மார்பிலும் இடுப்பிலும் நாலு இன்ச் குறைத்துச் சொல்லுங்கள். மீதியைக் கத்தரி பார்த்துக்கொள்ளும்.' லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெண் அந்த லிங்க்கை வாங்கினாள். அவளிடமிருந்து ஷார்ஜாவில் தைக்கிற அவள் தங்கை வாங்கினாள். பிறகு எங்கே எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தியவள் என்று இதுவரை ஒருத்தியைப் பற்றியும் கேள்விப்படவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்களின் ரவிக்கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இலையில் என்ன வைத்தார்கள் என்பது நினைவில்லை. அதற்கடுத்த தை மாதம் மலர்கொடி வாசலில் தகரக் கூரை போட்டுக் கடை திறந்தாள். குத்துவிளக்கு ஏற்றியது அவள் மாமியார். சம்பூர்ணம், மணிவேல், நான் மூன்று பேரும் போயிருந்தோம். முதல் அளவு என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று மலர்கொடி பிடிவாதமாக நின்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு அளவெடுக்க யார் இருந்தார்கள்? கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டேப் சுற்றி வந்தது. லேப்டாப் முன்னால் சம்பூர்ணம்.

"மார்பு முப்பத்தஞ்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள் மலர்கொடி.

வாசலில் நின்ற மணிவேல் எட்டிப் பார்த்து, "அட, மெலிஞ்சிட்டியேக்கா" என்றான்.

அந்தப் பொய்யை முதன்முதலில் கூவியதே என் வாய்தான். அதைக் கூட்டிச் சரிசெய்கிறவள் எதிரிலேயே உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் தெரியும் எனக்கு. தெரிந்தும் என் மனசு குளிர்ந்துபோனது. முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த அத்தைக்கும், லப்பைக்குடிக்காட்டுப் பெண்களுக்கும் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

"சரியா காதுல விழலடி" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."